ஒரே ரத்தத்துக்கு ஒரே மாத்திரை

ஆனையூர்,
9.6.2024

அண்ணனுக்குச் செல்லக்கிளி எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பூசாரி பேயாண்டியிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். "எங்கண்ணன் கருப்பசாமி முன்னாடி சூடம் அணைச்சு, எங்கூடப் பேச மாட்டேன், என் வாசல மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருச்சு. போன்ல பேசுனாலும் குத்தமா?" என்றேன். "வாயத் தொறந்தா அம்புட்டும் பேச்சுதேன் தாயி, போனும் சேத்தி. காயிதத்துல எழுதுறதப் பத்திச் சாமி ஒன்னும் சொல்லல" என்றார். வாட்சப்பும் எழுத்துதானே என்று கேட்டுப் பார்த்தேன். அது திடீரென்று பேசவும் செய்யுமாம், அதை நம்ப முடியாதாம். அதனால்தான் இந்தத் தபால்.

எனக்குப் பிரஷர் வந்திருக்கிறது. எங்கள் ஜவுளிக்கடையில் இலவச முகாம் போட்டார்கள். வேண்டாவெறுப்பாகப் போய்க் கையை நீட்டினேன். அந்த நர்ஸ் பெண் ஒரு தடவை பார்த்தது, கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தது. 170, கீழே 110. "அக்கா, எப்படி நின்னுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டது. நிற்கத்தானே சம்பளம் தருகிறார்கள் என்றேன்.

டாக்டர் அம்லோடிபின் என்று ஒரு மாத்திரை எழுதினார். பிரஷர் இறங்கியது, கால் வீங்கியது. கணுக்காலைத் தொட்டால் விரல் பதிகிறது. உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இது பரவாயில்லை போல. எங்களுக்கும் சட்டப்படி ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஆள் வந்தால் உட்காரக் கூடாது, ஆள் இல்லாவிட்டால் சேலை மடிக்க வேண்டும், மடிப்பது நின்றுகொண்டுதான். அந்த ஸ்டூலில் இப்போது பில் புக்குதான் உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழையாமல் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

உங்களுக்கும் பிரஷர், மாத்திரை ஒத்துக்கொண்டது என்று மதினி போன வருஷம் சொன்னாங்க. அதன் பேரை மட்டும் எழுதி அனுப்புங்கள். டாக்டரிடம் காட்டிக் கேட்கிறேன்.

பவதாரிணி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். தாய்மாமன் மகன் என்ற ஒரே காரணத்துக்காக அவளை உங்கள் சூர்யபிரகாஷுக்குக் கட்டித்தர மாட்டேன். அவள் படிக்கட்டும். இதை எழுதாமல் விட்டால், மாத்திரைக்காகக் குழைகிறாள் என்று நினைப்பீர்கள்.

செல்லக்கிளி


பேரையூர்,
17.6.2024

செல்லக்கிளிக்கு,

பேயாண்டி சொன்னது சரிதான். நானும் தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டேன். அதற்காக நான் சமாதானமாகிவிட்டதாக நினைக்காதே. நோய் என்று எழுதியிருக்கிறாய், பகையாளி கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் கொடுத்த மாத்திரையில் இருமல் பிடித்துக்கொண்டது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, வெறும் இருமல். ஸ்கூல் வேனை எடுத்தால் வீடு வரும்வரை இருமுவேன். பின்னால் இருக்கிற பிள்ளைகள் அம்புட்டும் என்னை மாதிரியே இருமிக் காட்டும். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, டிபி இல்லை என்று சர்ட்டிபிகேட் வாங்கி வா என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இருந்த பிரஷரும் ஏறிப்போனது. அப்புறம்தான் டாக்டர் இதை மாற்றிக் கொடுத்தார். அட்டினலால். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும் இல்லையா, அது நின்றது. மதினி இப்போது என்னைப் பார்த்து, "சாந்தமான மனுசன் ஆயிட்டீக" என்கிறாள். உன் வீட்டு விஷயத்தில் மட்டும் சாந்தம் இல்லை.

டாக்டரிடம் காட்டிக் கேட்கப் போகிறாளாம். நீயும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே ரத்தம். எனக்கு ஆனது உனக்கு ஆகாதா? நம் ரத்தத்தைப் பற்றி அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? கண்டக்டர் முத்துக்கருப்பனிடம் இரண்டு அட்டை கொடுத்து அனுப்புகிறேன். காலையில் ஒன்று போடு.

சூர்யா நல்ல வேலைக்குப் போய்விட்டான். இதைத் தகவலுக்காக எழுதுகிறேன்.

அழகுமலை


ஆனையூர்,
8.7.2024

அண்ணனுக்கு,

மாத்திரை வந்து சேர்ந்தது. உடனே போடவில்லை, டாக்டரிடம் போனேன். அவரிடம் கூட்டம் தெருவரை நின்றது. கால் வீக்கம் என்றதும், பழையதை நிறுத்திவிட்டு நீர் மாத்திரை எழுதிவிட்டார். உடம்பில் தேங்கிய நீரெல்லாம் பிரிந்து போகுமாம், பிரஷரும் குறையுமாம். நல்ல மாத்திரைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பிரிகிற நேரத்தில் நான் கடையின் முதல் மாடியில் பட்டுச் சேலையை விரித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கான கக்கூஸ் நாலாவது மாடியில். லிப்ட் வாடிக்கையாளருக்கு.

ஒரு தடவை போனால் சூப்பர்வைசர் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவது தடவை கடிகாரத்தைப் பார்ப்பார். மூன்றாவது தடவை, "என்னக்கா, மேல எதுவும் கடை போட்டிருக்கீங்களா?" என்று எல்லாரும் கேட்கக் கேட்டார். சின்னப் பிள்ளைகள் சிரித்தன. நாற்பத்து நாலு வயதில் அடக்கிக்கொண்டு, கல்யாணப் பெண்ணுக்குச் சேலை தோளில் வைத்துக் காட்டுகிறேன், இது உங்க கலருக்கு அம்சமா இருக்கும்மா என்று சொல்லிக்கொண்டே. அன்று சேலை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இதற்கு மேல் எழுத மாட்டேன், நீங்கள் அண்ணன்.

தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்த்தேன். தலை சுற்றி ரேக்கில் மோதினேன். வேலையை விடலாம் என்றால் பவாவின் ஹாஸ்டல் இருக்கிறது. அவள் அப்பாவுடைய எலெக்ட்ரீசியன் வேலை ஒரு மாதம் இருந்தால் ஒரு மாதம் இல்லை. மாத்திரையை விடலாம் என்றால் டாக்டர் பக்கவாதம் என்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அதனால் உங்கள் மாத்திரையைப் போடலாமா என்று யோசிக்கிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சின்ன வயதில் எனக்கு ஒரு தொந்தரவு இருந்ததே, கல்யாணத்தோடு நம் வீட்டில் யாரும் வாயில் எடுக்காதது. அதற்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தம் எதுவும் இருக்காதே? காகிதத்தில்கூட அதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இந்த வீட்டில் என் மாமியார் எடுக்காத காகிதம் கிடையாது.

செல்லக்கிளி


பேரையூர்,
15.7.2024

செல்லக்கிளிக்கு,

தைரியமாகப் போடு. உனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, நம் வீட்டு உடம்பு இரும்பு. அந்த சூப்பர்வைசர் பேரை எழுதி அனுப்பு, ஒரு நாள் வேனை அந்தப் பக்கம் திருப்புகிறேன். பேசக் கூடாது என்ற சத்தியம் உன்னோடுதான், அவனோடு இல்லை.

மதினி உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருந்தாள். பிரஷர்காரிக்கு உப்பு ஆகாது என்று நானே தின்கிறேன். எனக்கும் ஆகாதுதான்.

அழகுமலை


ஆனையூர்,
11.8.2024

அண்ணே,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கோணல் மாணலாக இருந்தாலும் படித்துக்கொள்ளுங்கள்.

என் இழுப்பு உங்களுக்கு மறந்தே போய்விட்டதா? எழுதிவிட்டேன் பாருங்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த வார்த்தையை எழுதிவிட்டேன்.

ஆறு வயதிலிருந்து எனக்கு இழுப்பு. மூச்சு வாங்கினால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்பவுண்டர் வீட்டுக்கு ஓடியது நீங்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, நோய் நொடி ஏதும் உண்டா என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்டுப் புள்ளைக்குத் தலைவலிகூட வந்ததில்ல" என்று சொன்னதும் நீங்கள்தான். அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தூசி தட்டும்போது மூச்சு முட்டினால் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவேன். மார்கழியில் சமையல்கட்டைச் சாத்திக்கொள்வேன். பிள்ளைப்பேறு வார்டில்கூடச் சொல்லவில்லை.

உங்கள் மாத்திரையை மூன்று வாரம் போட்டேன். கால் வீங்கவில்லை, கக்கூஸ் ஓட வேண்டியதில்லை, சூப்பர்வைசர் வாயை மூடிக்கொண்டார். ராத்திரி கொஞ்சம் நெஞ்சு கனக்கும், வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், குடோனிலிருந்து புதுக் கட்டுப் பிரித்தபோது தூசி கிளம்பியது. அவ்வளவுதான். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. பக்கத்துக் கவுண்டரில் நிற்கிற ஒச்சாயிதான் என்னை ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனாள்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள், அடங்கியது. டாக்டரம்மா கேட்டார்: "முன்னாடி வீசிங் வந்திருக்கா?" உங்கள் மாப்பிள்ளை கட்டில் பக்கத்தில் நிற்கிறார், தலைமாட்டில் மாமியார். "இல்லங்க டாக்டர்" என்றேன். "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" அண்ணன் கொடுத்தது என்று சொன்னால் உங்கள் பேர் வீட்டில் நாறும். "நீர் மாத்திரை மட்டுந்தேங்க" என்றேன். சாகக் கிடக்கும்போதும் எவ்வளவு சுத்தமாகப் பொய் வருகிறது பாருங்கள்.

இப்போது அவர்கள் இதயத்தில் கோளாறு தேடுகிறார்கள். ஒரு ஸ்கேன் முடிந்தது, இன்னொன்று எடுக்க வேண்டுமாம். உங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டேன். பிரஷர் மறுபடி ஏறி நிற்கிறது. உண்மையைச் சொல்லாமல் அவர்களால் எனக்குச் சரியான மாத்திரை கொடுக்க முடியாது. சொன்னால் என் வீட்டில் என்ன ஆகுமோ, பவாவை யார் கட்டுவார்களோ. பயமாக இருக்கிறது அண்ணே.

செல்லக்கிளி


பேரையூர்,
16.8.2024

செல்லக்கிளி,

சாமி சத்தியமாக மறந்துதான் போனேன். இல்லை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அது இல்லாமல் போய்விட்டது. உன் கடுதாசியை மதினி வாசித்தாள், என்னால் முடியவில்லை. வேனை நிறுத்திவிட்டு எங்கள் டாக்டரிடம் ஓடினேன். இழுப்பு இருக்கிற ஆளுக்கு இந்த மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டேன். யாருக்குக் கொடுத்தாய் என்றார். சொன்னேன். என்னை அவர் அப்படித் திட்டியதே இல்லை. மூச்சுக்குழாயை இறுக்கிவிடுமாம், இதைக் கொடுக்கும் முன்னால் இழுப்பு உண்டா என்றுதான் முதலில் கேட்பார்களாம். "ஒங்க ரத்தம் ஒன்னா இருக்கலாம்யா, நுரையீரல் அது அதுக்குத் தனி" என்றார்.

கோபத்தில் ஒரு நாள் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உன் நோயை வெளியில் சொன்னால் பவாவுக்கு வேறு வரன் வராது, தன்னால் என் வீட்டுக்கு வருவாள் என்று நினைத்தேன். நினைத்ததை மதினியிடம் சொன்னேன். அவள் அன்று எனக்குச் சோறு போடவில்லை.

நீ டாக்டரிடம் சொல்லிவிடு. உனக்கு வாய் வராது என்றால் அடுத்து எந்தத் தேதி போகிறாய் என்று எழுது, நான் வாரேன். உன்னோடு பேச மாட்டேன், டாக்டரோடு பேசுவேன். ஆஸ்பத்திரி உன் வாசல் கிடையாது. பொய் சொன்னது என் வாய், அதுவே வந்து சொல்லட்டும்.

அழகுமலை


ஆனையூர்,
2.9.2024

அண்ணனுக்கு,

வந்தீர்கள். நான் எழுதின தேதிக்கு வேட்டியைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி வந்தீர்கள். டாக்டரம்மா அறைக்குள் எங்கள் பின்னாலேயே நுழைந்தீர்கள். "இவரு யாரு?" என்று அவர் கேட்டதற்கு உங்களால் பதில் சொல்ல முடிந்தது. "இந்தப் புள்ளையோட அண்ணன்ங்க. ஒரு விசயம் சொல்லணும்..." என்றீர்கள். அப்புறம் உங்கள் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள். உங்கள் கண் கலங்கியதை நான் என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என்னைக் காப்பாற்ற வந்த ஆள் எனக்கு முன்னால் மூச்சுத் திணறி நிற்கிறது. இனி யாருக்காகக் காத்திருப்பது என்று ஒரு வெறி வந்தது. "எனக்கு ஆறு வயசுலருந்து இழுப்பு இருக்குங்க டாக்டர். அண்ணன் மாத்திரைய வாங்கி மூணு வாரம் போட்டேன்" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வெளியே போய்விட்டீர்கள். நடந்ததை எழுதினால்தான் உங்களுக்குத் தெரியும்.

டாக்டரம்மா முதலில் பேனாவை மூடினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இத நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா இம்புட்டு டெஸ்ட் எடுத்திருக்கவே வேணாம்மா" என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன வேலை, எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், பாத்ரூம் எங்கே, இனிமேல் குழந்தை பெறும் எண்ணம் உண்டா. மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ஒரு டாக்டர் என் கடையின் மாடியைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. நாலாவது மாடி என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். கடைசியில் டெல்மிசார்ட்டான் எழுதினார். மூச்சைப் பிடிக்காது, இருமல் பெரும்பாலும் வராது, நீரும் அதிகம் பிரியாதாம். பதினைந்து நாள் கழித்து ரத்தத்தில் உப்பும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டுமாம். இழுப்புக்குத் தனியாக இழுக்கிற மருந்து, தினமும். "பிள்ளைங்களுக்கு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது ஒன்றையாவது பொய் இல்லாமல் சொன்னேன்.

உங்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு அடியில் இருந்த கொசுவத்தி டப்பாவை எடுத்தார், வெளியே போய்ச் சாக்கடையில் எறிந்தார். "இருவத்திரெண்டு வருசமா ஒனக்குக் கொசு கடிக்கக் கூடாதுன்னு ஒன் தலைமாட்டுல ஏத்தி வச்சிருக்கேன்டி. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஏமாத்திக் கட்டிவச்சாங்க என்று கத்துவார் என்றுதான் இத்தனை வருஷம் பயந்தேன்.

அப்புறம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அம்மா காதுல விழுந்துறாம. பவாவுக்கு நாளைக்கு மாப்பிள்ள பாக்கணும்ல." இப்போது அந்த இழுக்கிற மருந்து அவருடைய டூல்ஸ் பையில், ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவில் இருக்கிறது. காலையிலும் ராத்திரியும் கதவைச் சாத்திக்கொண்டு இழுக்கிறேன், அவர் வாசலில் நின்று காவல் காக்கிறார். முன்பு தனி ஆளாக அடைபட்டுக் கிடந்தேன். இப்போது அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பிரஷர் நேற்று 138. கால் வீங்கவில்லை.

செல்லக்கிளி


பேரையூர்,
7.9.2024

செல்லக்கிளிக்கு,

138 என்பதை மதினியிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன்.

நான் அங்கே ஒன்றுக்கும் உதவாமல் நின்றேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

வேறு ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பவாவை சூர்யாவுக்குக் கேட்பதை இப்போது விட்டால், இழுப்புக் குடும்பம் என்று பயந்து விட்டேன் என்று நீ நினைப்பாய். விடாவிட்டால் பழைய பிடிவாதம் என்பாய். நேரில் வந்து பேசித் தீர்க்கலாம் என்றால், சத்தியத்தை மீறியதற்குக் கருப்பன் கேட்பான். சூர்யாவையே கேட்டேன். "அப்பா, இம்புட்டு நாளும் என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?" என்றான். அவனுக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லையாம். எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

பவாவிடம் நீ சொல்லிவிடு. மாமியாரிடம் மறை, ஊரிடம் மறை, அது உன் இஷ்டம். உன் மகளிடம் மறைக்காதே. நம் வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியாமலே பிள்ளைகள் வாழ்க்கையை முடிவு செய்கிறோம். சூர்யா கேட்டதிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அழகுமலை


ஆனையூர்,
16.9.2024

அண்ணே,

பவா சனிக்கிழமை திருநகர் ஹாஸ்டலிலிருந்து வந்தாள். மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து உட்கார வைத்துச் சொன்னேன். இழுப்பு, உங்கள் மாத்திரை, ஆஸ்பத்திரி, எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன், இல்லை கோபப்படுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்த் தன் பையைத் திறந்தாள். துணிக்கு அடியில் கையை விட்டு ஒரு சாக்ஸை எடுத்தாள், அதற்குள்ளிருந்து ஒரு நீல நிற இழுப்பு மருந்து பம்பை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

இரண்டு வருஷமாக அடித்துக்கொள்கிறாளாம். ஹாஸ்டல் பாத்ரூமில், குழாயைத் திறந்து விட்டுவிட்டு. நம் வீட்டில் யாருக்கும் இல்லாத நோய் தனக்கு மட்டும் எப்படி வந்தது என்று தெரியாமல், என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள். "கோடை லீவுல எப்படியும் சொல்லிறணும்னுதாம்மா இருந்தேன்" என்றாள். "அதுக்குள்ள ஒனக்குப் பிரஷர்னு அப்பா போன் பண்ணுச்சு. டாக்டர் அதிர்ச்சியான விசயம் எதுவும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாராம்ல."

செல்லக்கிளி